வாங்கியதும் வாங்கிக் கட்டிக்கொண்டதும்: நாஸ் பெட்டிக் கேள்விகள்

வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி வைக்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டிக்கு நாஸ் என்று பெயர். இரண்டோ நான்கோ டிஸ்க் போட்டு, ஒன்று செத்தாலும் மற்றவை தாங்கும்படி அமைத்துக்கொள்ளலாம். அப்படி அமைப்பதற்கு ரெய்டு என்று பெயர். அந்தத் 'தாங்கும்' என்ற சொல்லை நம்பியவர்களின் கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். கடைக்காரர்களைத் திட்டிய வரிகளையும் வெட்டிவிட்டேன், மனசில்லாமல்.

கேள்வி: கல்யாண வீடியோ எடுப்பது என் பிழைப்பு. நாலு 4 டி.பி. (டெராபைட்) டிஸ்க் போட்ட நாஸில், ரெய்டு 5 முறையில், ஆறு வருஷ வேலை இருக்கிறது. மூன்றாவது டிஸ்க் போய்விட்டது என்று பெட்டி பீப் அடித்தது. பெட்டியை விற்ற கடையிலிருந்து சர்வீஸ் பையன் வந்து, இரண்டாவது டிஸ்க்கை உருவிவிட்டுப் புதுசைச் சொருகினான். மொத்த வால்யூமும் (எல்லா டிஸ்க்கும் சேர்ந்த சேமிப்பிடம்) 'கிராஷ்' என்று வந்துவிட்டது. 'இனிஷியலைஸ் கொடுத்தால் திரும்பி வந்துடும் சார்' என்கிறான். கொடுக்கலாமா? (திருநெல்வேலி வாசகர்)

கொடுக்கக் கூடாது. ரிப்பேர், இனிஷியலைஸ், ஃபார்மட் என்று திரையில் எது கேட்டாலும் கை வைக்காதீர்கள். பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, எந்த டிஸ்க் எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி ஒட்டுங்கள். உருவிய அந்த இரண்டாவது டிஸ்க் பையனிடம் இருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வாருங்கள்.

உங்கள் வீடியோக்கள் பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன என்றே நினைக்கிறேன். நாலு டிஸ்க் ரெய்டு 5இல் எந்த மூன்று இருந்தாலும் கணக்குப் போட்டு நாலாவதை எடுத்துவிடலாம். உங்களுக்கு ஒன்று செத்தது, நல்லது ஒன்று உருவப்பட்டது. ஆக இரண்டு குறைந்ததும் பெட்டி கையை விரித்துவிட்டது. ஆனால் உருவியதால் அந்த டிஸ்க்கில் இருப்பது அழியாது. இந்தப் பெட்டிகளில் பலவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸ்தான். ஒவ்வொரு டிஸ்க்கிலும் அது, இதுவரை நடந்த மாற்றங்களுக்கு ஒரு எண்ணிக்கை எழுதி வைக்கும். உருவப்பட்ட டிஸ்க்கின் எண்ணிக்கை மற்றவற்றைவிடக் கொஞ்சம் பின்தங்கியிருக்கும், அவ்வளவே. விவரம் தெரிந்தவர் உருவிய டிஸ்க்கையும் மீதி நல்லது இரண்டையும் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டி, எம்டிஆட்ம் என்ற நிரலால் வலுக்கட்டாயமாக ஒன்றுசேர்க்க முடியும்.

அதற்கு முன்னால் ஒரு செலவு இருக்கிறது, மூக்கால் அழாதீர்கள். மூன்று டிஸ்க்கையும் முழுசாக நகல் எடுக்கப் புது டிஸ்க்குகள் வாங்க வேண்டும். டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல், படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்து முயலும். மீட்கும் வேலையெல்லாம் நகலின் மேல்தான். அசலைத் தொடவே கூடாது. மீட்க வந்தவர் 'ரெய்டைப் புதுசாக உருவாக்கிப் பார்க்கலாம்' என்று ஆரம்பித்தால் காப்பி கொடுத்து வழியனுப்பிவிடுங்கள். டிஸ்க் வரிசையோ அளவோ ஒன்று பிசகினாலும் போச்சு.

செத்த மூன்றாவது டிஸ்க்கை வாரண்டிக்கு அனுப்பிவிடாதீர்கள். வேலை முடியும்வரை அதுவும் தேவைப்படலாம், அனுப்பியது திரும்பாது. அதற்குப் பதிலாக வருவது பெரும்பாலும் செப்பனிட்ட பழைய டிஸ்க்தான். டிஸ்க்கில் 'கடக் கடக்' என்று சத்தம் கேட்டால் நீங்களும் அந்த விவரம் தெரிந்தவரும் ஒதுங்கிக்கொண்டு, டேட்டா மீட்கும் லேபுக்குக் கொடுங்கள். மீட்க முடியாவிட்டால் எவ்வளவு வாங்குவார்கள் என்பதை முதலிலேயே எழுத்தில் கேளுங்கள்.

இனி கடை. டிஸ்க் கம்பெனியின் வாரண்டி டிஸ்க்குக்கு மட்டும்தான், உள்ளே இருந்ததற்கு அது பொறுப்பேற்காது. ஆனால் தவறான டிஸ்க்கை உருவியது சேவைக் குறைபாடு, அது வேறு வழக்கு. திரையில் தெரியும் சீரியல் நம்பரையும் டிஸ்க்கின் ஸ்டிக்கரையும் ஒப்பிட்டிருந்தால் அரை நிமிஷ வேலை. 'தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை' என்று கடை சொல்லிப் பார்க்கும். சொந்தப் பிழைப்புக்காகத் தானே செய்யும் தொழிலுக்கு வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் திருநெல்வேலியிலேயே தாக்கல் செய்யலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. காலக்கெடு 2 வருஷம். பில், சர்வீஸ் சீட்டு, அந்தப் பையனோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு, எதையும் அழிக்காதீர்கள். லேப் பில்லையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: நாஸில் ரெய்டு போட்டாச்சு. பேக்கப் தனியாக வேண்டுமா? (சேலம்)

வேண்டும். நீங்கள் தவறுதலாக அழிக்கும் ஃபைலை ரெய்டு எல்லா டிஸ்க்கிலும் வெகு ஒழுங்காக அழித்துக் கொடுக்கும்.

கேள்வி: செத்த டிஸ்க்குக்குப் பதிலாக அதே கம்பெனி, அதே சிவப்பு லேபிள், அதே 4 டி.பி. வாங்கிப் போட்டேன். ரீபில்ட் (செத்ததில் இருந்ததைப் புது டிஸ்க்கில் மறுபடி நிரப்பும் வேலை) நாலு நாளாக நகர்ந்து, பாதியில் பெட்டி புது டிஸ்க்கையே வெளியே தள்ளிவிட்டது. 'டிஸ்க் நல்லாத்தான் இருக்கு' என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். யார் சொல்வது சரி? (கோவை வாசகி)

இரண்டு பேரும். அதுதான் கொடுமை. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் வீட்டில் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு ஜாதி. சி.எம்.ஆர். வகையில் டேட்டா எழுதும் தடங்கள் தனித்தனியாக ஓடும். எஸ்.எம்.ஆர். வகையில் ஓட்டுக் கூரைபோல ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படிந்திருக்கும். அதே இடத்தில் அதிகம் கொள்ளும், தயாரிப்புச் செலவும் குறையும். ஆனால் கூரை நடுவில் ஒரே ஓர் ஓடு மாற்ற வேண்டுமானால் மேலே படிந்த வரிசைகளையும் பிரித்து அடுக்க வேண்டும் அல்லவா? அதே கதைதான். அன்றாடம் நாலு ஃபைல் எழுதினால் வித்தியாசம் தெரியாது. ரீபில்ட் என்பது நிறுத்தாமல் கடைசிவரை எழுதும் வேலை. டிஸ்க் திணறும், பதில் சொல்லத் தாமதமாகும். டிஸ்க் செத்துவிட்டது என்று பெட்டி முடிவுகட்டி அதை வெளியே தள்ளும். கடைக்காரர் தனியாக மாட்டிப் பார்த்தால் நன்றாகத்தான் ஓடும்.

வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசை நாஸுக்கென்றே விற்கப்பட்டது. அதில் 2 முதல் 6 டி.பி. வரை சில மாடல்கள் எஸ்.எம்.ஆர். என்பது 2020 ஏப்ரலில்தான் வெளியே வந்தது, அதுவும் ரீபில்ட் தோற்றவர்கள் நோண்டிக் கேட்ட பிறகு. அட்டையில் இல்லை, விவரத்தாளிலும் இல்லை. மற்ற இரண்டு பெரிய கம்பெனிகளும் சில டெஸ்க்டாப் டிஸ்க்குகளில் இதையே சொல்லாமல் வைத்திருந்தது அதே சமயம் தெரிந்தது. அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். அதன் பிறகு சி.எம்.ஆர். டிஸ்க்குகளுக்கு 'ரெட் பிளஸ்' என்று புதுப் பெயர் வைத்தார்கள். முன்னால் சாதாரணமாகக் கிடைத்த குணத்துக்கு ஒரு 'பிளஸ்'! சாம்பாரில் பருப்பு போட்டால் 'சாம்பார் பிளஸ்' என்பதுபோல.

பொருளின் தரமும் குணமும் தெரிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை என்று நம் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் இன்றைக்கும் கடைக்குப் போய் 'எஸ்.எம்.ஆரா, சி.எம்.ஆரா' என்று கேட்டால் 'நாஸ் டிஸ்க் மேடம்' என்பார்கள். லேபிளின் நிறத்தை விடுங்கள். மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை எழுதிக்கொண்டு, கம்பெனி இணையதளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். நீங்கள் வாங்கியது எஸ்.எம்.ஆர். என்றால், 'நாஸ் ரீபில்டுக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன்' என்று எழுத்தில் கொடுத்து மாற்றக் கேளுங்கள். மீதி டிஸ்க்குகளில் இருப்பதை அதற்குள் வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிடுங்கள். பெட்டி இப்போது ஒற்றைக்காலில் நிற்கிறது.

கேள்வி: ஆன்லைனில் 16 டி.பி. போர்ட்டபிள் எஸ்.எஸ்.டி. 1,899 ரூபாய்க்கு வந்தது. நாஸை அதில் நகல் எடுத்தேன். பாதி ஃபைல் திறக்கவில்லை. ஏன்? (ஓசூர்)

உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு ஒட்டியிருக்கும், 16 டி.பி. என்று பொய் சொல்ல அதற்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். 16 டி.பி. அந்த விலைக்கு உலகத்தில் எங்கேயும் கிடைக்காது. விற்றவன் திருடன், அதில் சந்தேகமில்லை. ஆனால் விலையைப் பார்த்ததும் உங்களுக்கு ஒன்றுமே தோன்றவில்லையா? பணத்தைத் திரும்பக் கேளுங்கள். நாஸில் இருந்ததை அழித்துவிட்டேன் என்று மட்டும் அடுத்த கடிதம் போடாதீர்கள்.

கேள்வி: புதுசு என்று விற்ற சீகேட் டிஸ்க்கை நாஸில் போட்டேன். ரீபில்ட் 40 சதவீதத்தில் நின்றுவிட்டது. ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைக்கும் கணக்கு) ஓடிய நேரம் வெறும் சில மணி. நண்பர் வேறொரு பதிவைப் பார்த்து 20,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியது என்கிறார். (சிங்கப்பூர், தோ பாயோ)

நண்பருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள். ஸ்மார்ட் கணக்கை அழித்துப் பழசைப் புதுசாக்க முடியும். சீகேட் டிஸ்க்குகளில் ஃபார்ம் என்று தனியாக ஒரு பதிவு உண்டு, உங்கள் டிஸ்க்கில் உண்மையைச் சொன்னது அதுதான். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் இப்படித்தான் பழைய டிஸ்க்குகள் புதுசாக விற்கப்பட்டது அம்பலமானது. கிரிப்டோ நாணயம் சுரண்டி ஓய்ந்தவை என்று சந்தேகம். நீங்கள் ஏமாற்றப்பட்டவர், கூச்சப்படாமல் கேளுங்கள். உங்கள் ஊரில் குறையுள்ள பொருளுக்கான லெமன் சட்டப்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியும் குறை, விற்கும்போதே இருந்ததாகவே கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. கொடுக்காவிட்டால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது.

எனக்கும் இந்த அனுபவம் உண்டு. தள்ளுபடி நாளில் ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து இரண்டு 'புது' டிஸ்க் வாங்கினேன். பதினோரு நாள் இடைவெளியில் இரண்டும் போயின. ஸ்டிக்கரின் ஓரம் உரிந்திருந்ததை வாங்கும்போதே பார்த்தேன். பார்த்தும் வாங்கினேன்.

கேள்வி: சினாலஜி கம்பெனியின் புது நாஸ் பெட்டிக்கு அவர்கள் டிஸ்க்தான் போட வேண்டுமாமே? (ஈரோடு)

2025 ஏப்ரலில் பிளஸ் வரிசைப் புது மாடல்களுக்கு அப்படித்தான் கட்டுப்பாடு போட்டார்கள். வாங்குபவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அக்டோபரில், பெட்டிக்குள் ஓடும் அவர்கள் மென்பொருளின் டி.எஸ்.எம். 7.3 பதிப்பு வந்தபோது, மற்ற கம்பெனி ஹார்ட் டிஸ்க்குகளுக்கும் திறந்துவிட்டார்கள். கடைக்காரர் பழைய கதை சொல்கிறார், அல்லது அவரிடம் அந்த டிஸ்க் தேங்கிக் கிடக்கிறது.

கேள்வி: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. நாஸுக்குத் தனி யு.பி.எஸ். எதற்கு? (விருதுநகர்)

கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்தக் கண் இமைக்கும் நேரத்தில்கூடப் பெட்டி அணைந்துபோகலாம். ரீபில்ட் நடுவில் அணைந்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்தை மேலிருந்து படியுங்கள். யு.எஸ்.பி. கம்பி உள்ள சின்ன யு.பி.எஸ். போதும். பேட்டரி தீரும்முன் அதுவே பெட்டிக்குச் சொல்லி ஒழுங்காக அணைத்துவிடும்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டு ஏற்பாடு என்ன? (பெயர் போடவில்லை)

பழைய இரண்டு டிஸ்க் பெட்டி ஒன்று. அதன் நகலாக வெளி டிஸ்க் இரண்டு: ஒன்று பீரோவில், இன்னொன்று திருச்சியில் அக்கா வீட்டில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொண்டு வருவேன். போன தீபாவளிக்கு டிஸ்க்கைச் சாப்பாட்டு மேஜை மேலேயே வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.