ட்ரெய்லர் இழுக்க எந்த பிக்கப்? முதலில் ஓட்டுநர் கதவைத் திறந்து பாருங்கள்

கேள்வி: 24 அடி முகாம் ட்ரெய்லர் ஒன்றுக்கு முற்பணம் கொடுத்திருக்கிறோம். வெற்று எடை 5,000 இறாத்தல். இதை இழுக்க, பாவித்த பிக்கப் ஒன்றைப் பார்த்தோம். 11,000 இறாத்தல் இழுக்கும் என்றார் விற்பனையாளர். நானும் மனைவியும் மாமியும் வளர்ந்த இரண்டு பிள்ளைகளும் போவோம். பாதுகாப்பாகவும் இருக்க வேண்டும், பெற்றோலையும் குடிக்கக் கூடாது. வாங்கலாமா? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: 11,000 என்ற கணக்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால், தூணில் டயர் காற்றழுத்தம் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். உங்களுக்கான கணக்கு அதுதான். ஒரே மாடலாக இருந்தாலும் வண்டிக்கு வண்டி இது மாறும். கண்ணாடிக் கூரை, பெரிய சில்லுகள் என்று வசதி ஏற ஏற இந்த அளவு இறங்கும்.

நீங்கள் அனுப்பிய ஸ்டிக்கர் படத்தில் 671 கிலோ, அதாவது 1,480 இறாத்தல் என்று இருக்கிறது. சரி, கூட்டிப் பார்ப்போம். தண்ணீர், காஸ், சமையல் சாமான், கதிரைகள் எல்லாம் ஏறினால் அந்த 5,000 எப்படியும் 6,200 ஆகிவிடும். அதில் 10 முதல் 15 வீதம் கொக்கி வழியாக பிக்கப்பின் மேல்தான் உட்காரும். நடுவில் வைத்தால் 775. கொக்கியில் இறங்கும் பாரத்தை மற்ற அச்சுகளுக்கும் பகிரும் கொக்கிக்கு 100. ஐந்து பேருக்கு 750. ஐஸ் பெட்டி, விறகு, கருவிகளுக்கு 150. மொத்தம் 1,775. ஏறக்குறைய 300 இறாத்தல் கூடிவிட்டது. இழுக்கிற பலம் எஞ்சினுக்கு இருக்கிறது, ஆனால் பின் அச்சும் டயரும் ஸ்பிரிங்கும் அந்தப் பாரத்துக்குச் செய்தவை அல்ல. இந்த வண்டி வேண்டாம். ஸ்டிக்கரில் 1,900 இறாத்தலுக்கு மேல் உள்ளதாகத் தேடுங்கள்.

கொக்கியில் பாரம் குறைந்தாலும் ஆபத்துதான். சில வருடங்களுக்கு முன் ஹன்ட்ஸ்வில் பக்கம் போகும்போது, சைக்கிள்களையும் விறகையும் ட்ரெய்லரின் பின்முனையில் ஏற்றியிருந்தேன். பெரிய லொறி ஒன்று முந்திக்கொண்டு போனதும் ட்ரெய்லர் வால் ஆட்டத் தொடங்கியது. பிள்ளைகள் கத்தினது இன்னும் காதில் இருக்கிறது. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தினேன். அடங்கியது. அந்த நேரத்தில் பதறி வண்டியின் பிரேக்கை மிதித்துவிடாதீர்கள். பாரத்தின் பெரும்பகுதி எப்போதும் ட்ரெய்லரின் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும்.

ஒன்ராறியோவில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். ஆகவே ட்ரெய்லர் பிரேக்கை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியும் ஏழு முனை மின் இணைப்பும் உள்ள வண்டியாகவே எடுங்கள். சாதாரண கார் ஓட்டும் உங்கள் ஜி லைசன்ஸ் போதும்; 4,600 கிலோ வரையான ட்ரெய்லரை இழுக்கலாம்.

இனி எரிபொருள். ட்ரெய்லரோடு போகும்போது எந்த வண்டியானாலும் 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டரைத் தாண்டுவது சாதாரணம். எடையைவிட, அந்தப் பெட்டியின் அகன்ற முகத்தில் மோதும் காற்றுதான் எரிபொருளை உறிஞ்சுகிறது. 110இல் போவதை 95ஆகக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும். பல ட்ரெய்லர் டயர்கள் மணிக்கு 65 மைலுக்கு, அதாவது 105 கிலோமீட்டருக்கு மேல் ஓடச் செய்யப்பட்டவையும் அல்ல. உண்மையான மிச்சம் வெறும் வண்டியாக ஓடும் நாட்களில்தான். தினமும் நகர நெரிசலில் வேலைக்குப் போவதென்றால் ஃபோர்ட் எஃப்-150 ஹைபிரிட் நல்லது, 10 லிட்டர் அளவில் ஓடும். ஆனால் பற்றரியின் எடை ஸ்டிக்கர் அளவைத் தின்னும், கவனம். நெடுஞ்சாலை ஓட்டம்தான் அதிகம் என்றால் செவர்லே சில்வராடோவின் 3 லிட்டர் டீசலைப் பாருங்கள். இழுவைக்கு அந்த எஞ்சின் எனக்கு மிகவும் பிடிக்கும்.

எதை எடுத்தாலும், முதல் பயணத்துக்கு முன் எல்லாரையும் ஏற்றி, ட்ரெய்லரையும் பூட்டி, லொறிகள் நிற்கும் எரிபொருள் நிலையத்தில் உள்ள எடைமேடைக்குப் போங்கள். ஒவ்வொரு அச்சுக்கும் தனித்தனியாக எடை எழுதித் தருவார்கள். மாமியும் வண்டியில் இருக்கும்போதே நிறுங்கள்.