சூரைக் கூட்டம் ஆழம் போனதும் எஞ்சினை நிறுத்துங்கள்

கேள்வி: 28 அடி ஃபைபர் வள்ளம், 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். மூன்று பேர் கன்னியாகுமரி பக்கத்துச் சின்னமுட்டத்திலிருந்து போய், வள்ளத்தை ஓட்டிக்கொண்டே தூண்டில் இழுக்கிறோம். பறவை விழுகிற இடத்தில் ஒன்றிரண்டு சூரை (டியூனா) ஏறும். திரும்பி வருவதற்குள் கூட்டம் ஆழத்துக்குப் போய்விடுகிறது. எண்ணெய்தான் தீர்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கூட்டத்தைக் கண்டுபிடிக்கத்தான் ஓட்டத் தூண்டில். நிறுத்திவைக்க அது உதவாது. அதற்குத் துண்டு மீன் போட வேண்டும்.

முதலில் ஓட்டத்தைச் சரிசெய்யுங்கள். பறவையைப் பார்த்ததும் கூட்டத்துக்கு நடுவே வள்ளத்தை விட்டால் மீன் கலைந்துவிடும். ஓரமாக முன்னால் போய் அகலமாக வளையுங்கள். வள்ளம் வெளியே போக, இரை மட்டும் கூட்டத்தின் விளிம்பைத் தொட வேண்டும். இறகு இரைக்கு 5 முதல் 7 நாட் (மணிக்கு 9 முதல் 13 கிலோமீட்டர்) வேகம் போதும். மூன்று தூண்டிலையும் ஒரே நீளத்தில் விடாதீர்கள், திரும்பும்போது சிக்கும். முதல் மீன் கடித்தவுடன் எஞ்சினைக் குறைக்க வேண்டாம். கொஞ்சதூரம் அப்படியே போனால் மற்றத் தூண்டிலிலும் கடிக்கும். அந்த முதல் மீனின் வயிற்றைக் கீறிப் பாருங்கள். உள்ளே விரல் நீள நெத்திலி இருந்தால், பெரிய இரையை அன்றைக்குப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

கூட்டம் இறங்கிவிட்டதா? துரத்தாதீர்கள். நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் சற்று ஏறிப்போய் எஞ்சினை நிறுத்தி, வள்ளத்தை மிதக்க விடுங்கள். சாளையை மூன்று நான்கு துண்டாக வெட்டி, ஒரு தடவைக்கு நாலைந்து துண்டு மட்டும் போடுங்கள். அவை கண்ணுக்கு மறையும்போது அடுத்த நாலைந்து. அள்ளிக் கொட்டினால் மீன் வயிறு நிரம்பிப் போய்விடும். நடுவே நீண்ட இடைவெளி விட்டால் இரைத் தடம் அறுந்துவிடும். லட்சத்தீவின் மினிக்காயில் கம்புத்தூண்டில் போடுகிறவர்கள் உயிர்மீனை வீசி, கடல்மேல் தண்ணீரைத் தெளித்துக் கூட்டத்தை ஓடத்தோடு ஒட்டி வைக்கிறார்களே, அதே வேலையைத்தான் இங்கே செத்த சாளை செய்கிறது.

தூண்டில் முள்ளை ஒரு துண்டுக்குள் முழுக்க மறைத்து, ஈயம் கட்டாமல் விடுங்கள். இதில்தான் பலர் தோற்கிறார்கள். முள் வைத்த துண்டையும் வெறும் துண்டையும் வள்ளத்தின் பக்கத்தில் ஒன்றாகப் போட்டுக் கவனியுங்கள். முள் துண்டு முந்தி இறங்கினால் முள் கனம்; சிறியதாக மாற்றுங்கள். பிந்தினால் தங்கூஸ் (நைலான் தூண்டில் நரம்பு) பிடித்து நிறுத்துகிறது; கையால் இன்னும் தளர்த்திக் கொடுங்கள். இரண்டும் ஜோடியாக இறங்க வேண்டும். சூரைக்குக் கண் கூர்மை, வித்தியாசமாக இறங்கும் துண்டைத் தொடாது.

நுனி உள்பக்கமாக வளைந்த வட்ட முள்ளாக இருந்தால் சட்டென்று வெட்டி இழுக்க வேண்டாம். தங்கூஸ் ஓடத் தொடங்கியதும் விடுவதை நிறுத்தி இறுக விட்டால் வாயோரத்தில் தானே மாட்டும். ஒருவர் மீனோடு மல்லுக்கட்டும்போது இன்னொருவர் துண்டு போடுவதை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் மிச்சக் கூட்டம் போய்விடும்.

தங்கூஸைக் கையில் சுற்றாதீர்கள், தயவுசெய்து. இழுத்ததைக் காலடியில் விடாமல் கூடையில் போடுங்கள். மஞ்சள் துடுப்புச் சூரை களைத்தபின் வள்ளத்துக்கு அடியில் வட்டம் போடும். தலை உங்கள் பக்கம் திரும்பும்போது இழுங்கள், விலகும்போது பிடித்துக்கொண்டால் போதும்.

எண்ணெய்ச் செலவைக் குறைக்க இன்னொன்று: ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்திய அரசின் கடல் தகவல் மையம்) சூரைக்கென்றே தனியாக மீன் கிடைக்கும் இடங்களை அறிவிக்கிறது. கிளம்பும் முன் பாருங்கள்.

ஏற்றிய மீனைத் தளத்தில் போட்டு வைக்காதீர்கள். சூரையின் உடம்பு கடல்நீரைவிடச் சூடானது, போராடியபின் இன்னும் சூடு. உடனே பக்கத் துடுப்புக்குப் பின்னால் இருபுறமும் கீறி இரத்தத்தை வடியவிட்டு, செவுளும் குடலும் எடுத்து, ஐஸும் கடல்நீரும் கலந்த பெட்டியில் முழுக்க அமிழ்த்துங்கள். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். அது பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தடிப்பு வரும். ஆகவே பெட்டியில் ஐஸ் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, அந்த அளவுக்கே மீன் பிடியுங்கள்.