சுமடு இறக்கினால் டிஸ்சார்ஜ்

போன இதழில் ஒருவர் ஆங்கிலத்தில் உயர்ந்த சொற்களை எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருந்தார், இரண்டு வரியில் பதில் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். விட்டார்களா? குமரி மாவட்டத்திலிருந்து அதே கேள்வி வேறு வேறு சட்டை போட்டு வந்து நிற்கிறது. இந்தத் தடவை அந்தக் கடிதங்களுக்கே இடம். ரேஷன் கார்டு, தேங்காய் விலை கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

கேள்வி: அண்ணாச்சி, நான் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சைக்குப் படிக்கிறேன். கோச்சிங்கில் மூவாயிரம் சொற்கள் உள்ள பட்டியல் தந்து தினமும் ஐம்பது மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். நைட் டியூட்டி முடிந்து வந்து உட்கார்ந்து படித்தாலும் ஒரு வாரத்தில் முக்கால்வாசி ஓர்மையில் இல்லை. மூளை மந்தமா, முறை தப்பா?
– செவிலியர், மார்த்தாண்டம்

பதில்: மூளை நன்றாகத்தான் இருக்கிறது. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் புத்தகமாகவே போட்டார். முதல் நாளுக்குள்ளேயே பெரும்பகுதி போய்விட்டது, அப்புறம்தான் மறதி மெதுவானது. அவருக்கே அப்படி என்றால் நைட் டியூட்டி பார்த்துவிட்டு வரும் உங்களுக்கு மறக்காமல் என்ன செய்யும்? அர்த்தமில்லாத அசைக்கும், ஒற்றைத் தமிழ்ச் சொல்லை எதிரே எழுதி வைத்த ஆங்கிலச் சொல்லுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

உங்களுக்குத் தெரிந்த ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். டிஸ்சார்ஜ். வார்டில் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வீர்கள், துணைக்கு வந்திருக்கும் பாட்டிக்குக்கூடத் தெரியும். புண்ணிலிருந்து சீழ் வடிந்தாலும் கேஸ் ஷீட்டில் டிஸ்சார்ஜ் என்றுதான் எழுதுகிறீர்கள். மழைக்காலத்தில் ஆங்கிலப் பேப்பரைப் புரட்டினால் பேச்சிப்பாறை அணையிலிருந்து இத்தனை கன அடி டிஸ்சார்ஜ் என்று போட்டிருக்கும். கடமையைச் செய்து முடித்தாலும், கடனை அடைத்தாலும், கோர்ட்டில் ஒருவரை வழக்கிலிருந்து விடுவித்தாலும், துப்பாக்கி வெடித்தாலும், போன் பேட்டரி இறங்கினாலும் அதே சொல்தான். உங்கள் பட்டியலில் எதிரே ‘வெளியேற்று’ என்று மட்டும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு கடனை எங்கே போய் வெளியேற்றுவது?

சார்ஜ் என்பதற்குப் பழைய பொருள் வண்டியில் பாரம் ஏற்றுவது. வண்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து கிளம்பி பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது, கப்பலில் ஏற்றுகிற கார்கோவும் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. முன்னால் டிஸ் சேர்ந்தால் பாரத்தை இறக்குவது. நம் சந்தையில் தலையிலிருந்து சுமடு இறக்குகிறார்களே, அதே காரியம். இப்போது பாருங்கள், ஆஸ்பத்திரி நோயாளியை இறக்குகிறது, புண் சீழை இறக்குகிறது, அணை தண்ணீரை இறக்குகிறது, கடன்காரன் கடனை இறக்குகிறான். எட்டு அர்த்தத்தை எட்டுத் தடவை நெட்டுருப் போட வேண்டாம், சுமட்டை நினைத்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும். எல்லாச் சொல்லும் இப்படி வசமாக அமையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சில சொற்களுக்கு வேர் தெரிந்தும் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

ஆகவே ஐம்பதை விடுங்கள், ஒரு நாளைக்கு ஐந்து போதும், அந்த ஐந்தும் நீங்கள் அன்றைக்குக் கேட்டதாகவோ படித்ததாகவோ இருக்கட்டும். கல்யாணக் கார்டுக்கு நம் ஊரில் பஞ்சமா, வெற்றுப் பக்கத்தை நாலாக நறுக்குங்கள். சொல்லை மட்டும் எழுதாதீர்கள், வாக்கியமாக எழுதுங்கள். ‘த பேஷண்ட்ஸ் கண்டிஷன்’ என்று ஆரம்பித்து, ‘டிடீரியரேட்டட்’ (மோசமானது) வரவேண்டிய இடத்தில் கோடு போட்டு, ‘ரேப்பிட்லி’ என்று முடியுங்கள். விடை பின்பக்கம். ஒரு மிட்டாய்ப் பெட்டியில் அட்டையால் ஐந்து அறை தடுத்துக்கொள்ளுங்கள். புதுக் கார்டு முதல் அறையில், அதைத் தினமும் பார்க்கணும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், அதை மூன்று நாளுக்கு ஒருதரம் பார்த்தால் போதும், அதற்கடுத்தது வாரத்துக்கு ஒருதரம், இப்படி இடைவெளி கூடிக்கொண்டே போகும். தப்பினால், எந்த அறையில் இருந்தாலும் திரும்ப முதல் அறைக்கே. லைட்னர் என்பவர் 1970-களில் ஜெர்மன் மொழியில் எழுதிப் பரப்பிய முறை இது. போனிலேயே வேண்டுமென்றால் ஆங்கி என்று ஒரு செயலி இதே வேலையைச் செய்கிறது. எனக்கு மிட்டாய்ப் பெட்டிதான் சரிப்படுகிறது, போனை எடுத்தால் சொல்லைத் தவிர மற்றதெல்லாம் பார்க்கிறேன்.

இன்னொன்று, நீங்கள் எழுதப்போவது ஓஇடி. அதில் நர்ஸ்களுக்கு எழுத்துப் பகுதி என்பது 45 நிமிடத்தில் ஒரு கடிதம், உடல்பகுதி 180 முதல் 200 சொல்வரை. நோயாளியை அடுத்துப் பார்க்கப்போகிறவர் படித்தவுடன் என்ன செய்வது என்று தெரிந்துகொள்ள வேண்டும், சுருக்கத்துக்கும் தெளிவுக்கும் அதில் மார்க் உண்டு. அலங்காரச் சொல் போட்டால் அங்கே அடிதான் விழும். வெளிநாடு போகிறவர்கள் எழுதும் பொது ஆங்கிலப் பரீட்சையான ஐஇஎல்டிஎஸ் என்றால் கணக்கு கொஞ்சம் வேறு. எழுத்திலும் பேச்சிலும் தலைக்கு நான்கு அளவுகோல், அதில் ஒன்று சொல்வளம், அதாவது கால்வாசி. அங்கேயும் பார்ப்பது சொல் எவ்வளவு பெரிது என்பதை அல்ல, இடத்துக்குப் பொருந்துகிறதா என்பதைத்தான்.

கேள்வி: பி.காம். கடைசி வருஷம். இன்டர்வியூவில் சாதாரணச் சொற்களுக்குப் பதில் கடினமான சொற்களைப் போட்டுப் பேசினால் மதிப்புக் கூடும் என்கிறான் நண்பன். ‘பிகின்’ என்று சொல்லாமல் ‘கமென்ஸ்’ என்று சொல்லவா?
– மாணவர், நாகர்கோவில்

பதில்: தம்பி, இந்த விஷயத்தில் எனக்குச் சொந்தத் தழும்பு இருக்கிறது. எனக்கு 22 வயது. ஒரு பள்ளியில் தலைமையாசிரியருக்குப் பிரிவு உபசாரம், ஆங்கிலத்தில் வாழ்த்துரை எழுத என்னைப் பிடித்தார்கள். மனிதர் நேரம் தவறாதவர், காலை மணி அடிப்பதற்கு முன்னால் கேட்டில் நிற்பார். ‘ஃபேமஸ்’ என்று எழுதிப் பார்த்தேன், சப்பென்று இருந்தது. ஆங்கிலம்-தமிழ் அகராதியைத் திறந்தேன். ‘நொட்டோரியஸ்’ என்று ஒரு சொல், எதிரே ‘பேர்போன’ என்று போட்டிருந்தது. ஆகா என்று ‘நேரந்தவறாமைக்குப் பேர்போன நம் தலைமையாசிரியர்’ என்பதை அந்தச் சொல்லை வைத்தே எழுதி, மைக்கில் நானே வாசித்தேன். முன்வரிசையில் இருந்த ஆங்கில ஆசிரியை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தலைமையாசிரியர் மட்டும் எழுந்து வந்து மாலையைக் கழற்றிக்கொண்டே, ‘திருடனுக்குப் போடுகிற பட்டத்தை எனக்குப் போட்டுவிட்டாயே, மக்ளே’ என்றார். அகராதி பொய் சொல்லவில்லை. தமிழில் ‘பேர்போன’ என்பதை நல்லவனுக்கும் சொல்லலாம், கேடிக்கும் சொல்லலாம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் கேடிகளோடு மட்டும்தான் நடமாடும்.

நம் மொழியிலும் இதுதானே நடக்கிறது? கனமழை என்கிறோம், கன வெயில் என்று யாராவது சொல்கிறோமா? வெயில் என்றால் கடும் வெயில்தான். ஆங்கிலத்திலும் மழைக்கு ‘ஹெவி’ ஒட்டும், டீக்கு ‘ஸ்ட்ராங்’ ஒட்டும், ‘பவர்ஃபுல் டீ’ என்றால் சிரிப்பார்கள், பலத்துக்கு ரெண்டும் சொந்தம்தான் என்றாலும். புதுச் சொல் ஒன்று கிடைத்தால் அது யாரோடு சகவாசம் வைத்திருக்கிறது என்று விசாரியுங்கள், மாப்பிள்ளை பார்க்கப் போகும்போது விசாரிப்பது மாதிரி.

‘கமென்ஸ்’ விஷயத்துக்கு வருவோம். 1066-இல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்து, அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சைப் புகுத்தினார்கள். அதனால் அங்கே ஒரே காரியத்துக்கு வீட்டுச் சொல் ஒன்று, சபைச் சொல் ஒன்று என்று ஆனது. ‘பிகின்’ வீட்டில் பிறந்தது, ‘கமென்ஸ்’ பிரெஞ்சிலிருந்து வந்தது. நாம் சோறு, சாதம், அன்னம் என்று வைத்திருக்கவில்லையா. அழைப்பிதழில் ‘விழா கமென்ஸ் ஆகும்’ என்பது பொருத்தம். இன்டர்வியூவில் உங்கள் வேலையைப் பற்றிப் பேசும்போது அதைப் போட்டால், ஜவுளிக்கடையில் போய் வஸ்திரம் எடுத்துக் காட்டுங்கள் என்பது போல இருக்கும்.

ஆனால் மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி மாதிரி பரீட்சைகள் எழுதப்போகிறீர்கள் என்றால் பட்டியலைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் இணைச்சொல், எதிர்ச்சொல், பல சொல்லுக்கு ஒரு சொல் என்று நேரடியாகவே கேட்கிறார்கள். அது பரீட்சை, அதற்கு அதன் வழி.

கேள்வி: பிளஸ் டூ தமிழ் மீடியம். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். எங்கள் வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவோம், காலேஜ் போனால் ஆங்கிலத்தில் முங்கிப் போவேனோ என்று பயம். எங்கிருந்து தொடங்க?
– மாணவி, குலசேகரம்

பதில்: மகளே, பலாப்பழத்துக்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்? சக்கை. ஆங்கிலேயர் ஜாக் ஃப்ரூட் என்கிறார்களே, அந்த ஜாக் யார்? உங்கள் சக்கைதான். 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கிய போர்ச்சுக்கீசியர் இந்தக் கடற்கரையில் காதில் விழுந்ததைத் தங்கள் வாய்க்குத் தக்கபடி சொல்லிக்கொண்டு போனார்கள், பின்னால் ஆங்கிலேயர் அதை வாங்கிக்கொண்டார்கள். மாங்காய் மேங்கோ ஆனதும், வெற்றிலை பீட்டல் ஆனதும், அடைக்காய் அரெக்கா ஆனதும், தேக்கு டீக் ஆனதும் அந்தப் பாதையில்தான். கயிறு காயர் என்றும் கொப்பரை கோப்ரா என்றும் ஆங்கில அகராதியில் உட்கார்ந்திருக்கின்றன (பாம்பு கோப்ரா வேறு, குழம்ப வேண்டாம்). நம் கட்டுமரமும் கேட்டமரான் என்று போயிருக்கிறது. ஆனால் இன்றைக்கு அங்கே அந்தப் பேரில் ஓடுவது ரெட்டை உடம்புள்ள பகட்டான படகு, குளச்சல்காரர் பார்த்தால் இதுவா கட்டுமரம் என்பார்.

கலப்புப் பேச்சு உங்களுக்கு ஒரு படி கூடுதல்தான், குறைவல்ல. விளவங்கோடு பக்கம் வெள்ளம் தா என்றால் குடிக்கத் தண்ணீர் வரும், அதையே மதுரையில் கேட்டால் ஆற்றில் எத்தனை அடி ஓடுகிறது என்பான். ஒரே சொல் எல்லை தாண்டினால் வேறு ஆள் என்பது உங்களுக்குப் பிறவியிலேயே தெரியும். ஆங்கிலத்தில் நம்மைக் கவிழ்ப்பதும் இந்த ரகம்தான். ‘நான் கம்பல்சரி வருவேன்’ என்று நாமெல்லாம் சொல்கிறோம். நமக்கு அது ‘கட்டாயம் வருவேன்’, வெள்ளைக்காரன் காதில் சட்டப்படி வந்தே தீர வேண்டியவன் என்று கேட்கும். நாம் டிபன் சாப்பிடப் போகும் ஹோட்டல் அவர்களுக்கு ராத்திரி தங்கும் இடம்.

எங்கிருந்து தொடங்க என்று கேட்டீர்கள், அப்பாவின் ஷீட் அடிக்கும் கொட்டகையிலிருந்தே தொடங்குங்கள். பாலை ஊற்றி ஆசிட் விட்டு வைத்தால் டிரேயில் உறைகிறதே, அதற்கு ஆங்கிலத்தில் ‘கோயாகுலேட்’. காலேஜில் உயிரியல் எடுத்தால், கையில் வெட்டுப்பட்ட இடத்தில் ரத்தம் உறைவதற்கும் அதே சொல் வரும், கூட இருக்கிற பிள்ளைகள் நெட்டுருப் போடும்போது உங்களுக்கு டிரே கண்ணில் தெரியும். பால் என்பதற்கு ‘லேட்டெக்ஸ்’, வெட்டுவதற்கு ‘டேப்பிங்’. ஒட்டுப்பாலுக்கு ‘ஸ்கிராப்’ என்பார்கள், அந்தச் சொல் பழைய இரும்புக் கடைக்கும் போகும். ஒரு வாரத்துக்கு அந்தக் கொட்டகையில் கண்ணில் படுவதையெல்லாம் ஆங்கிலத்தில் பேர் சொல்லிப் பாருங்கள், எங்கே முட்டுகிறதோ அந்தச் சொல்லை அன்றைக்குத் தேடுங்கள்.

கேள்வி: மொத்தம் எத்தனை ஆங்கிலச் சொல் தெரிந்தால் போதும்?
– வாசகர், இரணியல்

பதில்: ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வந்தது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பால் நேஷன் என்ற நியூசிலாந்துப் பேராசிரியர் 2006-இல் கணக்குப் போட்டிருக்கிறார். நாவலும் செய்தித்தாளும் துணையில்லாமல் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள், பேச்சைப் புரிந்துகொள்ள ஆறாயிரம், ஏழாயிரம். குடும்பம் என்றால் ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த பிள்ளைகுட்டியும் எல்லாம் சேர்த்து ஒன்று. கல்லூரிப் பாடப் புத்தகத்துக்கு என்றே காக்ஸ்ஹெட் என்பவர் 2000-இல் 570 குடும்பங்களைத் தனியாகப் பொறுக்கி வைத்தார், பட்டியல் என்று ஒன்று வேண்டும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

கேள்வி: என் மகன் நாலாம் வகுப்பு. போனில் கார்ட்டூன் பார்த்துப் பெரிய பெரிய ஆங்கிலச் சொல்லாகப் பேசுகிறான், ஆனால் எழுதச் சொன்னால் எழுத்து தப்புகிறது. அடித்துத் திருத்தவா?
– தாய், குளச்சல்

பதில்: அடிக்காதீர்கள் அம்மா. காதில் விழுந்து வாயில் வந்த சொல் சீக்கிரம் போகாது, எழுத்து பின்னால் வரும். ராத்திரி ஒரு பக்கம் அவனைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், உங்களுக்குப் புரியாவிட்டாலும் பக்கத்தில் உட்காருங்கள், அர்த்தம் கேளுங்கள். அம்மாவுக்குச் சொல்லிக் கொடுப்பதில் பிள்ளைகளுக்கு வரும் கெத்தே தனி.

கேள்வி: ஓய்வு பெற்றவன், வயது 68. என்னிடம் இருக்கும் லிப்கோ அகராதி அட்டை கிழிந்துவிட்டது. புதிதாக எதை வாங்கலாம்?
– வாசகர், தோவாளை

பதில்: ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் லேர்னர்ஸ் டிக்‌ஷனரி ஒன்று வாங்குங்கள். ஹார்ன்பி என்பவர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோது, அந்நிய மாணவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துச் செய்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளியானது, பிறகு 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பெயரில் வந்தது. எந்தச் சொல்லோடு எது ஒட்டும் என்று வாக்கியத்தோடு காட்டும் வகை அது, 22 வயதில் என் கையில் இருந்திருந்தால் அந்தத் தலைமையாசிரியர் தப்பித்திருப்பார். லிப்கோவை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், சொல்லுக்குச் சட்டென்று தமிழ் வேண்டும் என்றால் அதைத்தான் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டு லிப்கோவுக்கு நான் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்திருக்கிறேன், ‘எஸ்’ எழுத்தில் நாலு பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது, அந்த நாலு பக்கத்துக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போகிறேன்.