பொங்கல், தீபாவளி சீசனுக்கு ஈஆர்பிநெக்ஸ்ட்டில் கொள்முதல் திட்டத்தை எப்படி அமைப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: அம்பாசமுத்திரத்தில் பாத்திரக் கடை, ஈஆர்பிநெக்ஸ்ட் (கடையின் கணக்கையும் சரக்கையும் பார்க்கும் மென்பொருள்) போட்டு ஒரு வருஷம் ஆகிறது, எல்லாப் பொருளுக்கும் ரீஆர்டர் லெவல் (சரக்கு இதற்குக் கீழே போனால் மறுபடி வாங்க வேண்டும் என்ற அளவு) கொடுத்தாயிற்று. ஆனாலும் பொங்கலுக்குப் பானை பற்றவில்லை, பொங்கல் முடிந்த பிறகு சரக்கு வந்து இறங்கித் தேங்கிவிட்டது. எங்கே தப்பு?

நான் திருநெல்வேலி டவுனில் ஒரு பாத்திரக் கடையில் பதினோரு வருஷமாகக் கொள்முதல் பார்க்கிறேன். உங்களுக்கு நடந்தது எங்களுக்கும் அப்படியே நடந்தது. மென்பொருள் போட்ட முதல் வருஷம், போகி அன்று சாயங்காலம் பித்தளைப் பொங்கல் பானை நாலுதான் மிச்சம். லெவல் ஆறு என்று வைத்திருந்தோம். இரவில் சிஸ்டம் தானாகவே மெட்டீரியல் ரிக்வஸ்ட் (இந்தச் சரக்கு வேண்டும் என்ற குறிப்பு) போட்டது. காலையில் தம்பி ஒருவர் வழக்கம்போல அதை பர்சேஸ் ஆர்டராக மாற்றி அனுப்பிவிட்டார். தை கடைசியில் 75 பானை வந்தது. முதலாளி அண்ணாச்சி யாரையும் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அந்தப் பானைகள் அடுத்த மார்கழி வரை மாடியில் கிடந்தன. அதில் முடங்கிய பணத்தால் சித்திரை முகூர்த்தத்துக்குச் சீர்ப் பாத்திரம் வேண்டிய அளவு எடுக்க முடியவில்லை.

தப்பு நீங்கள் கொடுத்த எண்ணில் இல்லை. ரீஆர்டர் லெவல் என்பது சரக்கு குறைந்த பிறகு விழித்துக்கொள்கிற ஏற்பாடு. மாதம் முழுக்கச் சீராக ஓடும் தூக்குப்போணிக்கும் டம்ளருக்கும் அது போதும். பொங்கல் பானைக்குப் போதாது. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

எங்களுக்குப் பித்தளைப் பானை அனுப்பர்பாளையத்திலிருந்து வருகிறது. சாதாரண நாளில் சொல்லி அனுப்பினால் 12 நாளில் வந்துவிடும். மார்கழியில் எல்லா ஊர்க் கடைகளும் ஒரே சமயத்தில் கேட்பதால் 30 நாள் ஆகும். போகியிலிருந்து 30 நாள் பின்னால் போனால் டிசம்பர் நடு, அதாவது கார்த்திகைக் கடைசி. அதற்குப் பிறகு அங்கே போடும் எந்த ஆர்டரும் பொங்கலுக்கு வந்து சேராது. ஆனால் பானை விற்பனை சூடு பிடிப்பதே கடைசி மூன்று வாரத்தில்தான். மகளுக்குப் பொங்கல்படி கொடுக்கிறவர்கள் அப்போதுதான் கடைக்கு வருவார்கள். ஆக, விற்பனை தொடங்கும் முன்பே ஆர்டர் கொடுக்கும் காலம் முடிந்துவிடுகிறது. விற்பனையைப் பார்த்து ஆர்டர் போடும் எந்த ஏற்பாடும் இங்கே வேலை செய்யாது. அளவை ஆறிலிருந்து அறுபதாக மாற்றினாலும், அது வருஷம் முழுக்க அறுபது பானையைப் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான்.

'ஐட்டம்வைஸ் ரெகமண்டட் ரீஆர்டர் லெவல்' என்று ஒரு ரிப்போர்ட் இருக்கிறதே, அதைப் பார்த்து லெவல் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது போடும் கணக்கு எளிது: தினசரி சராசரி விற்பனையை லீட் டைம் (ஆர்டர் போட்டுச் சரக்கு வந்து சேரும்) நாட்களால் பெருக்கி, சேஃப்டி ஸ்டாக்கை (அவசரத்துக்குக் கையிருப்பாக வைக்கும் சரக்கை) கூட்டும். எங்கள் பானையை வைத்தே பாருங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை 18 பானை விற்றது, நாளுக்கு 0.2. பன்னிரண்டு நாளுக்கு 2.4, சேஃப்டி ஸ்டாக் 3 சேர்த்தால் ஐந்தரை. டிசம்பர் முதல் தேதி அது சொல்லும் எண் இது. வரப்போகும் விற்பனையோ 180. பொங்கல் முடிந்ததும் கடைசி 30 நாளை வைத்து ஓட்டினால் நாளுக்கு 6, பன்னிரண்டு நாளுக்கு 72, மூன்றைக் கூட்டி 75. தை, மாசிக்கு 75 பானை! ரிப்போர்ட்டின் மேல் தப்பில்லை, நாம் கொடுக்கும் தேதிதான் தப்பு. சீசன் பொருளுக்குத் தேதியைப் போன வருஷச் சீசனுக்குள் கொடுத்து, லீட் டைமையும் சீசன் லீட் டைமாக மாற்றி ஓட்டினால் பயன்படும் எண் கிடைக்கும்.

'மந்த்லி டிஸ்ட்ரிபியூஷன்' பற்றியும் ஒரு வார்த்தை. மாதத்துக்கு இவ்வளவு சதவீதம் என்று அதில் பிரித்துக் கொடுக்கலாம் என்பதால், கொள்முதலையும் அது பார்த்துக்கொள்ளும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அது பட்ஜெட்டுக்கும் விற்பனை இலக்குக்கும்தான். ரீஆர்டரை அது தொடாது.

சரி, நாங்கள் இப்போது செய்வது இது. முதலில் பொருட்களை இரண்டாகப் பிரித்தோம். வருஷம் முழுக்க ஓடுவதற்கு ஆட்டோ ரீஆர்டர் அப்படியே இருக்கிறது. பொங்கல் பானை, முறுக்கு உரல், பெரிய சீனிச்சட்டி (வாணலி), நோன்புக் கஞ்சி காய்ச்சும் அண்டா போன்றவற்றுக்கு ஐட்டம் பக்கத்தில் உள்ள ரீஆர்டர் வரிசையையே நீக்கிவிட்டோம். 'சீசன்' என்று தனி ஐட்டம் குரூப்பும் வைத்தோம். இவற்றுக்கு ஆர்டர் கையால்தான்; ஆனால் எப்போது, எவ்வளவு என்பது முன்கூட்டியே எழுதி வைத்த திட்டத்திலிருந்து வரும்.

அந்தத் திட்டத்துக்கு ஆதாரம் போன வருஷ விற்பனை. அதை அப்படியே எடுக்காதீர்கள். சரக்கு தீர்ந்துபோன நாளில் விற்பனை பூஜ்யம் என்றுதான் சிஸ்டத்தில் இருக்கும். கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்று இருக்காது. இதற்காகக் கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எந்தப் பொருளுக்கு, எந்தச் சைஸுக்கு "இல்லை" என்று சொன்னோமோ அதை உடனே எழுத வேண்டும். ஒரு மார்கழியில் அந்த நோட்டில் மட்டும் 41 பானை இருந்தது. விற்ற 140-ஓடு அதைக் கூட்டித்தான் அடுத்த வருஷத்துக்கு 180 என்று முடிவு செய்தோம். எனக்குத் தெரிந்த வரையில் எந்த மென்பொருள் அமைப்பைவிடவும் இந்த நோட்டுதான் எங்களுக்கு அதிகம் உதவியது.

அதேபோல 2023 டிசம்பர் கணக்கை ஆதாரமாக வைக்காதீர்கள். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை கடந்து திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் வெள்ளத்தில் கிடந்தது. கடைகள் மூடிக் கிடந்த நாட்களும், வீட்டுச் சாமானை வெள்ளத்தில் விட்டவர்கள் அப்புறம் வந்து வாங்கிய நாட்களும் அந்தக் கணக்கில் கலந்திருக்கின்றன. அந்தச் சீசனை விட்டுவிட்டு அதற்கு முந்தையதையும் பிந்தையதையும் பாருங்கள்.

தீபாவளிக்கு இன்னொரு சிக்கல். 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. ஆங்கில மாதத்தை வைத்து ஒப்பிட்டால் ஒரு வருஷம் அக்டோபர் வீங்கியும் நவம்பர் வற்றியும் இருக்கும், அடுத்த வருஷம் தலைகீழ். பண்டிகைக்கு எத்தனை வாரம் முன்னால் என்று எண்ணுங்கள். விற்பனையை எக்செல்லுக்கு இறக்கி, 'தீபாவளிக்கு முந்தைய 1-ஆம் வாரம், 2-ஆம் வாரம்' என்று ஒரு பத்தி சேர்த்தால் எல்லா வருஷமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி உட்காரும். கல்யாணச் சீர்ப் பாத்திரத்துக்குத் தமிழ் மாதக் கணக்கே சரி: ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, ஆவணியிலும் தையிலும் கூட்டம். ரம்ஜான் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். மேலப்பாளையம் வாடிக்கையாளர்கள் அதிகம் என்பதால் அதைத் தனியாகவே எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் பக்கம் வயற்காட்டு ஊர்கள் அதிகம், பாபநாசம் அணை திறப்பையும் கவனியுங்கள். தண்ணீர் தாமதமானால் பிசான நெல் அறுவடை தள்ளிப்போகும், வீடுகளில் காசு புரள்வதும் தள்ளிப்போகும். இதை எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது.

எண் முடிவானதும், பித்தளை விலை ஏறி இறங்குவதால், புரட்டாசியிலேயே விலையும் மொத்த அளவும் பேசி பிளாங்கெட் ஆர்டர் (மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம்) போட்டுவிடுகிறோம். அது ஒப்பந்தம் மட்டும்தான், சரக்குக் கணக்கைத் தொடாது. அதிலிருந்து பர்சேஸ் ஆர்டர்களைத் தவணையாகப் பிரிக்கிறோம்: கார்த்திகை நடுவில் வந்து சேர 60, மார்கழி 5-க்குள் 90. மீதி 30-ஐ முன்னால் வாங்குவதில்லை. கடைசி வாரம் போக்கைப் பார்த்து மதுரை மொத்தக் கடையில் எடுத்துக்கொள்வோம். விலை கொஞ்சம் கூட, ஆனால் இரண்டே நாளில் வரும். அந்தக் கூடுதல் விலை, மாடியில் சரக்கு தூங்குவதைவிட மலிவு.

ஆட்டோ ரீஆர்டர் இருக்கும் பொருட்களுக்கு ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். சிஸ்டம் பார்ப்பது ரேக்கில் உள்ள சரக்கை மட்டும் அல்ல, புரொஜெக்டட் குவான்டிட்டியை, அதாவது இனி இருக்கப்போகும் அளவை. வர வேண்டிய பர்சேஸ் ஆர்டர்களும் அதில் சேரும். பாதிச் சரக்கு வந்து மீதி வராமலே போன பழைய ஆர்டர் ஒன்று திறந்தே கிடந்தால், சரக்கு வரப்போகிறது என்று எண்ணி அது சும்மா இருந்துவிடும். ஆடியில் ஒரு நாள் உட்கார்ந்து, வராத ஆர்டர்களை எல்லாம் குளோஸ் செய்யுங்கள். உங்களுக்குப் பானை பற்றாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மண்பானை விற்பதானால் அதற்கு வேறு கணக்கு. காருகுறிச்சிப் பக்கம் வனைகிறவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் பானையை உலர்த்த வெயில் கிடைக்காது. அதனால் ஆவணியிலேயே முன்பணம் கொடுத்து, புரட்டாசிக்குள் சுட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். லீட் டைம் 10 நாள் என்று ஐட்டத்தில் போட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம்.

இப்போது நீங்கள் தொடங்க வேண்டியது தீபாவளியிலிருந்து. 2026-இல் நவம்பர் 8. சீனிச்சட்டிக்கும் முறுக்கு உரலுக்கும் சீசன் லீட் டைம் 25 நாள் என்று வைத்தால், கடைசி ஆர்டர் அக்டோபர் 14. அந்தத் தேதியை முதலில் காலண்டரில் குறித்துவிட்டு, அதற்குப் பிறகு அந்த இரண்டு பொருளுக்கும் யாரும் பர்சேஸ் ஆர்டர் போடக்கூடாது என்று கடையில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், காலையில் சிஸ்டத்தைத் திறக்கும் தம்பியிடம் முக்கியமாக.