மூடாக்கில் பூஞ்சணம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஐப்பசி மழைக்குப் பிறகு, கத்தரிச் செடிகளைச் சுற்றி மண்ணை மூடிப் போட்ட வைக்கோல் மூடாக்கில் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. அள்ளிக் கொட்டிவிடலாமா?

வேண்டாம். அது வைக்கோலை மக்கவைக்கும் பூஞ்சணம். செத்த நாரைத் தின்று வாழ்வது, உயிருள்ள செடியை ஒன்றும் செய்யாது. வைக்கோலைக் கிளறிவிட்டு, இரண்டு நாள் வெயில் படவிடுங்கள், அடங்கிவிடும். மழைக்காலம் முடியும்வரை திரும்பவும் வரும், வரட்டும். மக்கியதெல்லாம் உங்கள் கத்தரிக்குத்தானே உரம்!

கேள்வி: தக்காளிச் செடி திடீரென்று வாடுகிறது. தண்டின் அடியில் வெள்ளை நூல் சுற்றியிருக்கிறது. இதுவும் மூடாக்குப் பூஞ்சணம்தானா?

இல்லை. இதைத்தான் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பூஞ்சணம் வைக்கோலில் இருந்தால் கவலையில்லை. தண்டில் ஏறியிருந்தால் உடனே கவனியுங்கள். வைக்கோலை விலக்கி, தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். பட்டை பழுப்பாக அழுகி, வெள்ளை நூல்களுக்கு நடுவே கடுகளவு உருண்டைகள் இருந்தால் அது ஸ்கிளிரோஷியம் ரோல்ஃப்சி என்னும் பூஞ்சணம் உண்டாக்கும் தண்டடி அழுகல். உருண்டைகள் முதலில் வெள்ளையாக இருக்கும், பிறகு பழுப்பாகும். அவை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மிளகாய், கத்தரி, நிலக்கடலை எதையும் இந்த நோய் விடாது.

வாடிய செடியைப் பிழைக்கவைக்கப் பார்க்காதீர்கள். வேர், சுற்றியுள்ள மேல்மண், மூடாக்கு எல்லாவற்றையும் சேர்த்து அள்ளி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். மற்றச் செடிகளுக்கு, நன்கு மக்கிய தொழுவுரத்தோடு வேப்பம் புண்ணாக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சணமும் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் சில நாள் வைத்திருந்து இடுங்கள். அடுத்த போகத்தில் அந்த இடத்தில் சோளமோ மக்காச்சோளமோ போடுவது நல்லது. எந்தச் செடியானாலும் தண்டைச் சுற்றி மூன்று விரற்கடை இடம் விட்டுத்தான் மூடாக்குப் போட வேண்டும். மாடித் தோட்டத்துப் பைகளில் இடம் குறைவென்று பலர் தண்டோடு ஒட்டி நிரப்புகிறார்கள். தண்டடியில் ஈரம் காயாமல் நிற்பதற்கு அதுவே காரணம்.

கேள்வி: டிரைக்கோடெர்மா போட்ட இடத்தில் பச்சைப் பொடியாகப் பூத்திருக்கிறது. கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் அது டிரைக்கோடெர்மாவேதான். வெள்ளையாகத் தொடங்கிப் பச்சையாக மாறுவது அதன் இயல்பு. பயந்துபோய்க் கார்பென்டாசிம் என்னும் பூஞ்சணக்கொல்லியை ஊற்றிவிடாதீர்கள். நீங்கள் போட்ட நல்ல பூஞ்சணமும் அதில் அழிந்துவிடும்.

கேள்வி: மரத்தூள் மூடாக்கில் ஒரே இரவில் மஞ்சள் நுரை பொங்கியிருக்கிறது!

பார்க்க அருவருப்பாக இருக்குமே தவிர ஆபத்தில்லை. பூஞ்சண இனமே இல்லாத வழுக்கு உயிரி அது. மரத்தூளில் உள்ள பாக்டீரியாக்களைத் தின்னும். சில நாளில் வெளிறிக் காய்ந்துவிடும். பிடிக்காவிட்டால் ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியால் வழித்து எடுங்கள். காய்ந்த பிறகு தொட்டால் கரும்பொடி பறக்கும்.

கேள்வி: தென்னைநார்க் கழிவின் மேல் பூஞ்சணம் கெட்டியாகப் படிந்து, தண்ணீர் உள்ளே இறங்கவில்லை.

படிவத்தைக் கையால் உடைத்துவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மண் நனைந்ததா என்று விரலை விட்டுப் பாருங்கள். மூடாக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் இருந்தால் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: மூடாக்கில் முளைத்த காளானைச் சமைக்கலாமா?

கூடவே கூடாது. அந்தச் செடியில் காய்த்த காய்களைக் கழுவிச் சாப்பிடலாம்.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா உண்டு. பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் கிளறலாமா?

நீங்கள் கிளற வேண்டாம், வீட்டில் வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள். அவர்களும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வைக்கோலில் லேசாகத் தண்ணீர் தெளித்த பிறகு கிளறட்டும்.