பல்லை வெளுக்கும் ஜெல் எனாமலைக் கரைத்துவிடுமா?

தங்கையின் கல்யாணத்துக்குள் பல்லை வெளுக்க ஆசை, ஆனால் பல் கரைந்துவிடுமோ என்று பயம் என்கிறீர்கள். முறையாகச் செய்தால் கரையாது. அதற்காகப் பல்லுக்குள் ஒன்றுமே நடக்காது என்றும் நினைக்க வேண்டாம்.

எனாமல் என்பது பல்லின் கடினமான வெளிப்படலம். அதன் எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு ஹைட்ராக்சிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் கனிமம். மிச்சம் தண்ணீரும் துளி புரதமும். அடியிலுள்ள டென்டினில் கனிமம் 70 விழுக்காடுதான்; கொலாஜன் என்ற புரதம் நிறைய உண்டு. ஜெல்லில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் எனாமலின் நுண்துளைகள் வழியே டென்டின் வரை இறங்கிவிடும். தினமும் குடிக்கும் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) படியவிட்ட நிறமூலக்கூறுகளை ஆக்சிஜனேற்றி உடைக்கும். உடைந்த துண்டுகளில் நிறம் தெரியாது. வெளுப்பு என்பது இதுதான்; கனிமத்தைச் சுரண்டுவது அல்ல.

உண்மையான ஆபத்து அமிலம். ஜெல்லின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5க்குக் கீழே இறங்கினால் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறி மேற்பரப்பு மென்மையாகும். எச்சில் அவற்றை ஓரளவு திருப்பித் தரும், ஃப்ளோரைடு பற்பசையும் கைகொடுக்கும். ஐஸ் தண்ணீர் பட்டதும் சுரீரென்று கூசுவது பெராக்சைடு பல்லின் நடுவே நரம்பு இருக்கும் பற்கூழ் வரை போவதால். பெரும்பாலும் சில நாளில் அடங்கும்.

சிங்கப்பூரில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள ஜெல் பல் மருத்துவர் வழியாகத்தான் கிடைக்க வேண்டும். சொத்தை இருக்கிறதா என்று அவர் முதலில் பார்ப்பார். இணையத்தில் வாங்காதீர்கள். எலுமிச்சம்பழம் தேய்ப்பது இன்னும் மோசம், அது நேரடியாக அமிலம். அப்புறம், முன்பல்லில் அடைத்த இடம் இருந்தால் அது வெளுக்காது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.