ஆனியில் பழம், ஐப்பசியில் மழை: மர விதை கேள்வி பதில்

வேம்பு, நாவல், இலுப்பை எல்லாம் பழுத்து உதிர்கிற காலம் இது. நாட்டு மர விதைகளைச் சேர்ப்பது, வைப்பது, முளைக்கவைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு நாற்று வளர்க்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். எல்லாம் திருநெல்வேலிச் சீமை மண்ணுக்கும் மழைக்கும் பார்த்துச் சொன்னவை. வெளியூர்க்காரர்கள் மாதத்தைக் கொஞ்சம் முன்பின் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மானூர்: அண்ணாச்சி, போன ஆடியில வேப்பங்கொட்டை பொறுக்கி, மொட்டைமாடியில நல்லா காயவச்சு, டப்பாவுல அடைச்சு வச்சேன். ஐப்பசி மழைக்கு ஊன்றினா ஒண்ணுகூட முளைக்கல. கொட்டை சொத்தையா?

கொட்டை சொத்தை இல்லை, வைத்த முறைதான் ஒத்துவரவில்லை. மீதம் இருந்தால் இரண்டு மூன்றை உடைத்து, பருப்பை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. மஞ்சளோ பழுப்போ ஏறிவிட்டால் எண்ணெய்க்குத்தான் ஆகும். உங்களுடையது பழுப்பாகத்தான் இருக்கும்.

வேப்பம்பருப்பு எண்ணெய்ப் பருப்பு. சாதாரணமாக வீட்டில் வைத்தால் சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் சரிய ஆரம்பிக்கும். அதை ஆடி வெயிலில் சூடான தளத்தில் பரப்பினால் இன்னும் வேகமாகப் போகும். பழுத்து மஞ்சளானதை மட்டும் எடுங்கள். சுருங்கிக் கறுத்துக் கிடப்பது வேண்டாம். அன்றைக்கே மணல் போட்டுப் பிசைந்து சதையைக் கழுவிவிட வேண்டும். சதையோடு குவித்து வைத்தால் புளித்துச் சூடேறி உள்ளே கரு வெந்துவிடும். பிறகு நிழலில் சுளகில் பரப்பி இரண்டு மூன்று நாள். இரண்டு வாரத்துக்குள் ஊன்றிவிடுங்கள்.

மறுபடியும் மானூர்: இரண்டு வாரத்துக்குள்ளன்னா அது ஆடி மாசமாச்சே. எங்க பக்கம் அப்ப ஒரு சொட்டு மழை கிடையாது. காத்துதான்.

நம்ம ஊர் மரம் வளர்ப்பின் முக்கால்வாசிச் சிக்கல் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. பழம் உதிர்வது ஆனி, ஆடி. மலையடிவாரத்தில், பாபநாசம் பக்கம், தென்மேற்குச் சாரல் கொஞ்சம் உண்டு. மானூர், நாங்குநேரி, இராதாபுரத்துக்கு அது எட்டாது. கணவாய் வழியாக வருகிற காற்று மட்டும்தான் வரும். நமக்கு மழை என்பது வடகிழக்குப் பருவம், ஐப்பசியும் கார்த்திகையும். நடுவில் மூன்று நான்கு மாத இடைவெளி. அந்த இடைவெளியை விதையாகக் கடத்த நினைக்கிறோம். எல்லா விதைக்கும் அது முடியாது.

மர விதைகளில் ஒரு கூட்டம், காய்ந்தால் உறங்கும்: கொன்றை, வாகை, கருவேல், உடைமரம், புளி. இன்னொரு கூட்டம், காய்ந்தால் செத்துவிடும்: நாவல், பலா, இலுப்பை, மா. மரத்திலிருந்து விழும்போதே உள்ளே ஈரமும் மூச்சும் ஓடிக்கொண்டிருக்கும் விதைகள் இவை. காற்றுப்புகாத பாட்டிலில் அடைத்தால் மூச்சுமுட்டும், வெயிலில் காயவைத்தால் கருகும், குளிரூட்டியில் (ஃப்ரிட்ஜில்) வைத்தாலும் கெடும். வேம்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பக்குவமாக நிழலில் உலர்த்தினால் சில மாதம் தாங்கும், ஆனால் ஈரம் சற்று மிஞ்சியிருந்தாலும் குளிரூட்டியின் குளிர் அதைக் கொன்றுவிடும். வீட்டில் அந்தப் பக்குவம் பிடிப்பது சிரமம்.

ஆகவே விதையாக வைக்காதீர்கள், நாற்றாக வையுங்கள். ஆனிக் கடைசியில் நாற்றுப் பையில் ஊன்றினால் ஐப்பசி முதல் மழைக்குக் கையில் ஒரு சாண் கன்று இருக்கும். தினம் நாலு குடம் தண்ணீரும், காற்றைத் தடுக்க மேற்கே ஒரு ஓலைத்தட்டியும் போதும். நூறு கன்று வளர்க்க வீட்டுக் கொல்லையில் ஒரு கட்டில் அளவு இடம் தாராளம்.

வள்ளியூர், ஆசிரியை: பள்ளிப் பிள்ளைகளை வைத்துக் கொன்றை விதை போட்டோம். மாதக் கணக்கில் தண்ணீர் ஊற்றியும் கல் மாதிரி அப்படியே கிடக்கிறது. சாணிக் கரைசலில் ஊறவைத்தும் பார்த்துவிட்டோம்.

டீச்சர், சாணிக் கரைசலால் பெரிய பலன் இருக்காது. கொன்றை விதையின் தோல் தண்ணீரையே உள்ளே விடாது. கரைசலில் என்ன சத்து இருந்தாலும் வெளியே நின்றுவிடும். தோலில் வழி திறப்பதுதான் வேலை.

பிள்ளைகளுக்கு இது நல்ல பாடம். நகவெட்டி ஒன்று எடுங்கள். விதை தட்டையாக, பளபளவென்று பழுப்பாக இருக்கும். ஒரு முனையில் காயோடு ஒட்டியிருந்த சின்னத் தழும்பு தெரியும். முளை வருவது அந்தப் பக்கம், அதைத் தொடக்கூடாது. எதிர் முனையில் நகவெட்டியால் ஒரு நறுக்கு. உள்ளே வெள்ளை தெரிந்தால் போதும், அதற்கு மேல் போகாதீர்கள். நகவெட்டி வழுக்கினால் உப்புத்தாளில் தேய்க்கலாம். ராத்திரி தண்ணீரில் போட்டுவையுங்கள். காலையில் வழி திறந்த விதை உப்பிப் பெரிதாகி, தோல் மெத்தென்று ஆகியிருக்கும். உப்பாதது அப்படியே கல்லாகக் கிடக்கும். அதை எடுத்து மறுபடி நறுக்க வேண்டும். உப்பியதை அன்றைக்கே மண்ணில் வைத்துவிடுங்கள், விதையின் தடிமன் அளவு ஆழம் போதும்.

கிலோக் கணக்கில் இருந்தால் நகவெட்டி கட்டுப்படியாகாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும் விதையைக் கொட்டி, ராத்திரி முழுக்க அதிலேயே ஆறவிடுங்கள். அடுப்பு எரியும்போது போட்டால் அவிந்துபோகும். நர்சரிகளில் கந்தக அமிலமும் பயன்படுத்துவார்கள். பள்ளியில் அந்தப் பேச்சே வேண்டாம்.

சேரன்மகாதேவி: மருத மரத்துக் காய் சாக்கு நிறைய இருக்கு. தண்ணியில போட்டா எல்லாம் மிதக்குது. மிதந்தா பொக்குன்னு தூக்கிப் போடணுமா?

தூக்கிப் போடாதீர்கள். மிதந்தால் பொக்கு என்பது நெல்லுக்குச் சரி. மருதங்காயில் ஐந்து சிறகு, உள்ளே காற்றோட்டமான நார். நல்ல காயும் மிதக்கத்தான் செய்யும். ஆற்றோரத்து மரத்துக்கு அதுதான் வண்டி. புன்னையும் பூவரசும் அதே ரகம், மிதந்தே கரை மாறுகிறவை. இந்த மரங்களுக்கு வெட்டிப் பார்ப்பதுதான் சோதனை: சாக்கின் அடியிலும் மேலும் நடுவிலுமாகப் பத்துக் காயை எடுத்து அரிவாளால் குறுக்கே பிளந்து, உள்ளே வெள்ளைப் பருப்பு எத்தனையில் இருக்கிறது என்று எண்ணுங்கள்.

காய்களை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். முளை விட்டதை மட்டும் அவ்வப்போது பொறுக்கிப் பையில் வைக்க வேண்டும். மருதம் ஒன்றுபோல முளைக்காது. சிலது மூன்று வாரத்தில் வரும், சிலது இரண்டு மாதம் இழுக்கும். பாதி வந்ததும் மீதியைக் கொட்டிவிடுகிறவர்கள் அதிகம், அந்த அவசரம் வேண்டாம். காய்ந்த காய் ஒரு பருவம் கெடாமல் இருக்கும் என்பதால் ஆடியில் பதற வேண்டியதும் இல்லை.

நடும்போது குளத்துக்கரை, வாய்க்கால் ஓரம் பாருங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே திருப்புடைமருதூர், தலவிருட்சமே மருதம்தான். மேட்டுச் செம்மண்ணில் கொண்டுபோய் வைத்துவிட்டு வளரவில்லை என்று மரத்தைக் குறை சொல்லக்கூடாது.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்: விடுமுறையில் ஆயிரக்கணக்கில் விதைப்பந்து செய்து வீசப்போகிறோம். எந்த விதை போடலாம் சார்?

தம்பி, ஆர்வத்தைக் கெடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நாவல், இலுப்பை, வேம்பு போட்டு உருட்டிக் காயவைத்தால், பந்து காய்கிற வேகத்தில் விதையும் செத்துவிடும். கொன்றை, வாகை போட்டால் சாகாது, ஆனால் தோலில் வழி திறக்காமல் போட்டால் உடனே முளைக்காது. வழி திறந்து போட்டாலோ, பந்து பிசையும் ஈரத்திலேயே முளை கிளம்பி, காயும்போது கருகும். இதையெல்லாம் தாண்டி முளைத்தாலும் மார்கழிக்குப் பிறகு தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை, ஆடு இருக்கிறது. படம் எடுக்க விதைப்பந்து நன்றாக இருக்கும்.

அதே விடுமுறையில் ஆளுக்கு ஐந்து பை நாற்று வீட்டில் வளர்த்து, கார்த்திகையில் நட்டு, முள்வேலி கட்டுங்கள். வீசியே ஆகவேண்டும் என்றால் பந்து வேண்டாம். முதல் கனமழை பெய்த மறுநாள், ஏற்கெனவே இருக்கும் முட்புதர்களுக்குள் உடை, வாகை விதையைத் தூவுங்கள். ஆட்டு வாய் அங்கே எட்டாது.

இராதாபுரம்: ஆட்டுக் கிடை போட்ட இடத்துல உடைமரம் தானா நிறைய முளைக்குது. அந்தப் புழுக்கையையே விதையா எடுக்கலாமா?

எடுக்கலாம், நல்ல யோசனை. உடங்காயை ஆடு விரும்பித் தின்னும். வயிற்றுக்குள் போய்வரும்போது சில விதையின் கெட்டித்தோல் இளகும், வண்டு அரித்த விதையும் கழிந்துபோகும். ஒரே எச்சரிக்கை: அதே ஆடு சீமைக்கருவேலங்காயையும் தின்றுதான் வந்திருக்கும். புழுக்கையை நேரே நிலத்தில் போட்டால் இரண்டும் சேர்ந்து வரும். பையில் முளைக்கவிட்டு, இன்னதென்று அடையாளம் தெரிந்த பிறகு நடுங்கள். குடை விரித்தாற்போல நிற்கும் உடைமரம் நம் பொட்டல் காட்டுக்கே உரியது. அதன் பேரைச் சொல்லிச் சீமைக்கருவேலை வளர்த்துவிடக் கூடாது.

அம்பாசமுத்திரம்: ஒரே நாவல் கொட்டையிலிருந்து மூணு முளை வருது. ரெண்டைக் கிள்ளிரலாமா?

கிள்ள வேண்டாம். நாவலில் ஒரு கொட்டைக்குள் பல கரு இருப்பது வழக்கம். இரண்டு இலை விட்டதும் பையை நனைத்து, மெதுவாகப் பிரித்துத் தனித்தனிப் பையில் வையுங்கள். கொட்டை மட்டும் புதிதாக இருக்க வேண்டும், பழம் தின்ற வாரத்திலேயே ஊன்றிவிடுங்கள்.

திசையன்விளை: தேரிச் செம்மணல்ல பனை போடணும். பையில கன்று வளர்த்து நடலாமா?

பனைக்குப் பை ஆகாது. பனங்கொட்டை முளைத்ததும் முதலில் கீழே போகும். மண்ணுக்குள் ஆழமாக இறங்கிக் கிழங்கான பிறகுதான் இலை மேலே வரும். பையின் அடியில் முட்டினால் அதோடு சரி. ஆவணியில் விழும் பழத்தைச் சேர்த்துச் சதை அழுகவிட்டு, கொட்டையை நேரே குழியில் போடுங்கள். பொங்கலுக்குக் கிழங்கு தோண்டுகிற பாத்தியும், மரத்துக்கு விட்ட கொட்டையும் வேறுவேறு இடத்தில் இருக்கட்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இது முக்கியம்.

பேட்டை: குளிரூட்டியில் எந்த விதையைத்தான் வைக்கலாம்?

காய்ந்து உறங்கும் கூட்டத்தை மட்டும். கடித்தால் பல்லுக்கு மசியாத அளவு காய்ந்திருக்க வேண்டும். கண்ணாடிப் பாட்டில், இறுக்கமான மூடி. அடியில் வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து போடுங்கள், ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். ஒரு மோட்டா கணக்கு உண்டு: விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், சூடு 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும். அதனால் குளிரைவிட முதலில் காயவைப்பதுதான் முக்கியம். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். பாட்டில் வெளிச்சூட்டுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் விதைமேல் வேர்த்துப் படிந்து, பட்ட பாடெல்லாம் வீணாகும்.

களக்காடு: மலைக்கு மேல வெடிப்பலா கொட்டை கிடைக்கும். தோட்டத்துல போட்டுப் பார்க்கவா?

வேண்டாம். அந்த மலை புலிகள் காப்பகம், அனுமதி இல்லாமல் ஒரு கொட்டை எடுத்தாலும் குற்றம். சிங்கவால் குரங்குக்கு அது சாப்பாடு. மழைக்காட்டு மரம் உங்கள் தோட்டத்து வெயிலில் நிற்கவும் செய்யாது.

சங்கர்நகர்: சந்தனம் நன்றாக முளைத்து, ஒரு சாண் வந்ததும் வெளுத்துப்போகிறது.

தனியாக வளர்க்கிறீர்கள். சந்தனத்தின் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பிடித்து உறிஞ்சித்தான் பிழைக்கும். அதே பையில் ஒரு துவரை போடுங்கள். துவரை உயர்ந்து நிழல் கட்டினால் நுனியைக் கிள்ளுங்கள், வேரோடு பிடுங்காதீர்கள்.

மேலப்பாளையம்: முளைத்த நாற்று தரையோடு சேர்ந்த இடத்தில் இற்று விழுகிறது.

தண்ணீர் அதிகம், அதுவும் சாயங்காலத் தண்ணீர். காலையில் மட்டும் ஊற்றுங்கள். கரம்பை மண் (குளத்து வண்டல்) சேர்த்திருந்தால் குறைத்து மணலைக் கூட்டுங்கள். மக்காத சாணி போடாதீர்கள். தொழுவுரத்தோடு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம் கலந்து ஒரு வாரம் ஈரநிழலில் வைத்துப் பையில் போட்டால் அழுகல் குறையும்.

முக்கூடல்: இலுப்பைக் கொட்டை எங்க கிடைக்கும் அண்ணாச்சி? மரத்தடியில தேடினா பூச்சி அரிச்சதுதான் கிடக்கு.

பழைய கோயில், நந்தவனம் பக்கத்து இலுப்பை மரங்களைப் பாருங்கள். பகலில் போனால் எறும்பும் பூச்சியும் முந்திக்கொள்ளும். ராத்திரி வௌவால் பழத்தைத் தின்று கொட்டையைக் கீழே போடும். பெரும்பாலும் அதில் சதையே ஒட்டியிருக்காது, உங்களுக்குக் கழுவுகிற வேலை மிச்சம். விடிந்ததும் போய்ப் பொறுக்குங்கள். ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து, அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பையில் படுக்கவைத்து மேலே மெல்லிசாக மணல் மூடினால் போதும். எலிக்கு அது பிடித்த தீனி, பைகளின் மேல் ஒரு கம்பிவலையைப் போட்டுவிடுங்கள்.